பம்ப் ஸ்டாக்: மருமகன் பார்சலில் அனுப்பட்டுமா என்கிறான், நம்ம சட்டம் என்ன சொல்லுது?

மூலத்தறைத் தோட்டம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயம். கால்வாயில் ஆழியாற்றுத் தண்ணி வந்தால் கடலைக்காய், வராவிட்டால் தென்னை மட்டும். நிலத்தில் முக்கால் பங்கு கேரளாவில் இருக்கிறது. மீதி, அம்மா வழியில் வந்த தோப்பு, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டில். வண்டியில் போனால் ஒரு பீடி பிடிக்கிற நேரம்தான்.

அப்பா வைத்திருந்த 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில் இருக்கிறது. லைசென்ஸில் எல்லை கேரள மாநிலம் என்று போட்டிருக்கிறது. எலெக்‌ஷன் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பது, முடிந்ததும் ரசீதைக் காட்டித் திருப்பி வாங்குவது, அந்தத் துப்பாக்கி பார்க்கிற ஊர் உலகம் அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். காட்டுப்பன்னி. மழைக்கு நட்ட தென்னங்கன்றுகளை வரிசையாக முட்டிச் சாய்த்து, அடியில் இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது. சில கன்று தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் நிற்கும். பக்கத்தில் போய் மட்டையைப் பிடித்தால் கையோடு கழன்று வரும். கடலைக்காய்க் காட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்கா மகன் டெக்ஸாஸில், டல்லாஸ் பக்கம், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அங்கேயும் பன்னித் தொல்லையாம். நிலத்துக்காரர் சரி என்றால் வேட்டை லைசென்ஸ்கூட இல்லாமல் சுடலாமாம். வீடியோ காலில் அவன் சிநேகிதன் ஒருத்தனின் ரைஃபிளைக் காட்டினான். ட்ரிக்கரில் விரல் வைத்ததுதான் தெரியும், மேகசின் காலி. “டேய், இது மெஷின்கன் இல்லையா, உங்களைப் பிடிக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன். “இல்ல மாமா, சாதா ரைஃபிள்தான். பின்னாடி கட்டை மட்டும் வேற, பம்ப் ஸ்டாக்னு பேரு. சுப்ரீம் கோர்ட்டே 2024-ல சரின்னு சொல்லியாச்சு. வெறும் பிளாஸ்டிக். உங்களுக்கு ஒண்ணு துணிமணிகூட வெச்சுப் பார்சல்ல போடட்டுமா?” என்கிறான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் மண்டையைக் குடைகிறது. அந்தக் கட்டை அப்படி என்னதான் செய்கிறது? லாஸ் வேகாஸில் அத்தனை பேரைச் சுட்டதே இந்தச் சாமானை வைத்துத்தானே, அதை எப்படி ஒரு கோர்ட் விட்டது? அப்புறம், வெறும் பிளாஸ்டிக் என்றால் நம்ம சட்டத்தில் அதற்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் சந்தை:

அண்ணா, அது நிமிஷத்துக்கு 800 குண்டு சுடும் என்று படித்தேன். உங்க ரெட்டைக்குழலில் பிடிப்பது 2. மிச்சம் 798-ஐ நிரப்பிக்கொடுக்கப் பன்னியையே கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி விலை மாதிரி எதுவும் நடக்கும் இந்த ஊரில்.

பழைய ஆர்மரர்:

மத்தியப் படை ஒன்றில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது மீனாட்சிபுரத்தில் இருக்கிறேன். பம்ப் ஸ்டாக்கைக் கையில் தொட்டதில்லை. ஆனால் அது ஓடுகிற சூட்சுமம் உங்க ரெட்டைக்குழலிலேயே இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய ரெட்டைக்குழல் என்றால் ரெண்டு ட்ரிக்கர் இருக்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் ட்ரிக்கரை இழுத்தால் ஒரு குழல் வெடிக்கும். பின்கட்டையைத் தோளில் இறுக்கி வைக்காத ஆளாக இருந்தால், அந்த உதையில் துப்பாக்கி பின்னால் நகரும். விரல் முன் ட்ரிக்கரை விட்டு நழுவிப் பின் ட்ரிக்கரில் போய் இடிக்கும். இன்னொரு குழலும் வெடித்துவிடும். கேட்கிறவர்களுக்கு ஒரே வெடி, சுட்டவருக்குத் தோள்பட்டை வீக்கம். அவரைக் கேட்டால் “நான் ஒருதடவைதான் இழுத்தேன்” என்று சத்தியம் பண்ணுவார். அவர் மனசறிந்து அதுதான் உண்மை. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால் ரெண்டு ட்ரிக்கரும் தனித்தனியாக வேலை செய்திருக்கும். அதுவும் உண்மை. ஆளைக் கேட்பதா, ட்ரிக்கரைக் கேட்பதா? அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போன சண்டை மொத்தமும் இதுதான்.

இப்போது மருமகன் காட்டிய ரைஃபிள். அது செமி ஆட்டோமேட்டிக். ஒரு குண்டு சுட்டதும் காலித் தோட்டாவை வெளியே எறிவது, மேகசினிலிருந்து அடுத்ததை அறைக்குள் தள்ளுவது, சுத்தியலைப் பின்னால் தள்ளி மாட்டி வைப்பது, எல்லாம் துப்பாக்கியே செய்துகொள்ளும். ஆனால் நீங்கள் விரலைத் தளர்த்தி ட்ரிக்கரை முன்னால் விட்டு, மறுபடி இழுத்தால்தான் அடுத்த குண்டு. மெஷின்கன்னில் அந்தத் தளர்த்தல் தேவையில்லை. இழுத்துப் பிடித்தால் மேகசின் தீரும்வரை ஓடும். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் அந்த ஒரு தளர்த்தல்தான்.

பம்ப் ஸ்டாக் என்பது, தோளில் வைக்கிற பின்கட்டையும் கைப்பிடியும் ஒரே துண்டாக இருந்து, அதற்குள் மீதித் துப்பாக்கி முன்னும் பின்னும் வழுக்குகிற மாதிரி செய்த ஒரு உறை. ட்ரிக்கர் விரலை ஊன்றி வைத்துக்கொள்ள அதில் ஒரு திட்டு இருக்கும். குண்டு வெடித்ததும் உதையில் துப்பாக்கி பின்னால் வழுக்கும், ட்ரிக்கர் விரலை விட்டு விலகும். இடது கையால் முன்பக்கத்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தால் துப்பாக்கி திரும்ப முன்னால் வரும், ட்ரிக்கர் வந்து விரலில் முட்டும். அடுத்த குண்டு. விரல் வைத்த இடத்திலேயே இருக்கிறது, துப்பாக்கிதான் வந்து வந்து விரலில் முட்டிக்கொள்கிறது. பேரே அதிலிருந்து வந்ததுதான்.

வேகம்? அந்தத் தீர்ப்பின் மாற்றுக் கருத்திலேயே கணக்கு இருக்கிறது. சாதாரண ஆள் அந்த ரைஃபிளில் நிமிஷத்துக்கு 60 குண்டு சுடுவார். கை பழகிய போட்டிக்காரர் 180 வரை போவார். பம்ப் ஸ்டாக் மாட்டினால் 400 முதல் 800. சந்தைக்காரத் தம்பி சொன்ன 800 அங்கிருந்து வந்ததுதான்.

பன்னிக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் வெடிச் சத்தத்துக்கே கூட்டம் நாலா பக்கமும் சிதறும். அப்புறம் சுடுவதெல்லாம் இருட்டைச் சுடுவதுதான். முன்னும் பின்னும் ஆடுகிற துப்பாக்கியில் குறி எங்கே நிற்கும்? நம்ம பக்கம் தோப்புக்கு ஒரு சாளை (தோட்டத்து வீடு), சாளைக்கு ஒரு குடும்பம். ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். உங்க 12 போரில் எல்.ஜி. தோட்டா (பெரிய ஈய உருண்டைகள் அடைத்தது) போட்டால் முப்பது நாற்பது கெஜத்துக்குள் வேலை முடியும், முடியாவிட்டால் பன்னி பிழைத்துப் போகும், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பிழைப்பார்.

மூலத்தறைத் தோட்டம்:

ஐயா, ரெண்டு குழலும் சேர்ந்து வெடிப்பது என்று எழுதினீர்களே, அது எங்க அப்பாவுக்கே நடந்திருக்கிறது. தோளில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் துப்பாக்கிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நம்பினோம்.

சரி, அமெரிக்கா விஷயம் யாராவது சொல்லுங்கள். மருமகன் “கோர்ட் சொல்லியாச்சு” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

நெவாடாவில் ஒரு சித்தூர்க்காரன்:

சித்தூர் தத்தமங்கலத்தில் பிறந்தவன். இப்போது லாஸ் வேகாஸில் வேலை. 2017-க்கு அப்புறம்தான் இந்த ஊருக்கு வந்தேன். ஆனால் இங்கே யாரோடு ரெண்டு வருஷம் பழகினாலும் அந்த ராத்திரி பேச்சில் வந்துவிடும்.

2017 அக்டோபர் 1. மண்டலே பே ஓட்டலின் 32-ஆவது மாடியிலிருந்து, எதிரே திறந்தவெளியில் நடந்த பாட்டுக் கச்சேரிக் கூட்டத்தின் மேல் ஒரே ஆள் சுட்டான். பத்து நிமிஷத்தில் 1,000 குண்டுக்கு மேல். அன்றைக்கு இறந்தவர்கள் 58 பேர். காயத்தால் பின்னால் இறந்த இரண்டு பேரையும் சேர்த்து இப்போது 60 என்கிறார்கள். அவன் வைத்திருந்த ரைஃபிள்களில் பலவற்றில் பம்ப் ஸ்டாக் மாட்டியிருந்தது. எல்லாம் கடையில் சட்டப்படி வாங்கியது.

சட்டப்படி என்றேன் இல்லையா, அங்கேதான் கதை. அமெரிக்காவில் மெஷின்கன்னைக் கட்டுப்படுத்துகிற மத்தியச் சட்டம் 1934-ல் வந்தது. மதுவிலக்குக் காலத்து ரவுடிக் கும்பல்கள் டாமிகன் என்கிற கை மெஷின்கன்னை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு. ட்ரிக்கரின் ஒரே ஒரு இயக்கத்தில், மறுபடி கையால் நிரப்பாமல், தானாக ஒன்றுக்கு மேல் குண்டு சுடுவது எதுவோ அதுதான் மெஷின்கன் என்று அதில் எழுதினார்கள். அப்படி மாற்றித் தருகிற உதிரிபாகமும் மெஷின்கன்தான். 1986-ல் இன்னும் இறுக்கி, அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு செய்த மெஷின்கன்னைச் சாதாரண ஆள் வைத்துக்கொள்ளவே கூடாது என்று ஆக்கினார்கள்.

பம்ப் ஸ்டாக் தயாரித்தவர்கள் ஏ.டி.எஃப். என்கிற மத்திய ஆயுதத் துறையிடம் மாதிரியைக் கொடுத்துக் கேட்டார்கள். 2010-ல் துறை, இது மெஷின்கன் இல்லை, வெறும் துப்பாக்கிச் சாமான் என்று எழுதிக் கொடுத்தது. அதற்கு முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு வகையை முதலில் சரி என்று சொல்லி, 2006-ல் மெஷின்கன் என்று மாற்றியிருந்தார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அந்த வேலையை மனுஷனின் இடது கைக்குக் கொடுத்ததும் வெளியே வந்துவிட்டது. எழுதிய வாக்கியத்தின் ஓரத்தை அளந்து அதற்கு ஒரு விரற்கடை வெளியே சாமான் செய்வது இங்கே ஒரு தொழில்.

லாஸ் வேகாஸுக்குப் பிறகு கூச்சல் கிளம்பியது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போடவில்லை. டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அதே ஏ.டி.எஃப். தன் பழைய முடிவைத் திருப்பி, 2018 டிசம்பரில் பம்ப் ஸ்டாக்கும் மெஷின்கன்தான் என்று விதி போட்டது. 2019 மார்ச் 26-க்குள் உடைத்துப் போடு, இல்லையேல் ஒப்படை. நஷ்டஈடு கிடையாது. மக்கள் கையில் 5 லட்சத்துக்கு மேல்கூட இருக்கலாம் என்பது துறையின் சொந்த மதிப்பீடு. டெக்ஸாஸ் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த ரெண்டை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார்.

2024 ஜூன் 14-ல் தீர்ப்பு, 6-க்கு 3. நீதிபதி தாமஸ் எழுதினார். ட்ரிக்கர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தீர்ப்பிலேயே படம் போட்டிருந்தார்கள், நம்ம ஆர்மரர் ஐயாவுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிக்கர் முன்னால் போய்த் திரும்பப் பின்னால் வருகிறது, ஆகவே ஒரே இயக்கம் இல்லை, போதாததற்கு இடது கையும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே ‘தானாக’வும் இல்லை. மெஷின்கன் இல்லை. நீதிபதி சோட்டோமேயர் மாற்றுக் கருத்தை நீதிமன்றத்தில் வாய்விட்டே வாசித்தார். வாத்து மாதிரி நடந்து, வாத்து மாதிரி நீந்தி, வாத்து மாதிரி கத்தினால் அதை நான் வாத்து என்றுதான் சொல்வேன் என்றார். ஐயா சொன்னது சரி. ஆறு பேர் ட்ரிக்கரைக் கேட்டார்கள், மூன்று பேர் ஆளைக் கேட்டார்கள்.

மருமகன் விட்டுவிட்ட பாதி இனிமேல்தான். துப்பாக்கி வைத்திருக்கும் அரசியல் சாசன உரிமை பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பம்ப் ஸ்டாக் நல்ல சாமான் என்றும் சொல்லவில்லை. காங்கிரஸ் எழுதிய சட்டத்தை ஒரு துறை தன் விதியால் இழுத்து நீட்ட முடியாது, அவ்வளவுதான். பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி அலிட்டோவே, வேண்டுமானால் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தட்டும் என்று தனியாக எழுதினார். அதே மாதம் செனட்டில் ஒரு மசோதாவை வாக்கெடுப்பில்லாமல் நிறைவேற்றப் பார்த்தார்கள். ஒரு உறுப்பினர் ஆட்சேபித்தார், நின்றுபோனது.

மாநிலச் சட்டங்களை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, நான் இருக்கிற நெவாடா, எல்லாவற்றிலும் தடை. துப்பாக்கிக்காரர்களின் கோட்டை என்று பேர் வாங்கிய ஃபுளோரிடாவே, 2018-ல் பார்க்லாண்ட் பள்ளிச் சூட்டுக்குப் பிறகு தடை போட்டது. டெக்ஸாஸில் தடை இல்லை. அந்தச் சிநேகிதன் அதே ரைஃபிளைக் காரில் போட்டுக்கொண்டு கலிபோர்னியா எல்லையைத் தாண்டட்டும், அப்போது தெரியும். எல்லைக்காரர்களான நமக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

மூலத்தறைத் தோட்டம்:

தம்பி, நல்லா விளக்கினீங்க. இதை மருமகனுக்கு அப்படியே அனுப்பினேன். இப்போது பேச்சை மாற்றுகிறான். சிநேகிதன் மாட்டியிருப்பது பம்ப் ஸ்டாக்கே இல்லையாம், ஏதோ புது மாதிரி ட்ரிக்கராம், அதுவும் சரி என்று போன வருஷம் அரசாங்கமே ஒத்துக்கொண்டதாம். இது என்னங்க புதுசா?

நெவாடாவில் ஒரு சித்தூர்க்காரன்:

ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிக்கராக இருக்கும். வெடித்ததும் உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட் என்கிற இரும்புத் துண்டே ட்ரிக்கரை வலுக்கட்டாயமாக முன்னால் தள்ளிவிடும். நீங்கள் விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் அது மறுபடி பின்னால் வரும். ட்ரிக்கரைக் கேட்டால், நான் ஒவ்வொரு குண்டுக்கும் போய் வந்தேன் என்று சொல்லும். கார்கில் தீர்ப்பு வந்த கையோடு டெக்ஸாஸில் ஒரு நீதிபதி இதுவும் மெஷின்கன் இல்லை என்றார். 2025 மே மாதம் நீதித்துறை அமைச்சகம் தயாரிப்பாளரோடு சமரசம் செய்துகொண்டு, பறிமுதல் செய்ததைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. கைத்துப்பாக்கிக்கு இதைச் செய்ய மாட்டோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. இதற்கும் தடை போட்ட மாநிலங்கள் இருக்கின்றன.

கைத்துப்பாக்கியின் பின்னால் மாட்டுகிற ‘ஸ்விட்ச்’ என்று ஒன்று இங்கே தெருச்சூட்டில் எல்லாம் அடிபடுகிறது. அது வேறு. அதில் வாதமே இல்லை, அந்தச் சின்னத் துண்டே சட்டப்படி மெஷின்கன். மருமகனிடம் யாராவது நீட்டினால் தொடக்கூடச் சொல்லாதீர்கள்.

பழைய ஆர்மரர்:

இனி நம்ம பக்கம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ஆயுதம் எது என்று எழுதியிருக்கிறது. ட்ரிக்கரில் அழுத்தம் கொடுத்தால், அழுத்தத்தை எடுக்கும்வரை, அல்லது மேகசின் காலியாகும்வரை தொடர்ந்து சுடுகிற துப்பாக்கி. கூர்ந்து படித்தால் இதிலும் ஓட்டை இருக்கிறது. பம்ப் ஸ்டாக்கில் குண்டுக்குக் குண்டு விரலுக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில் இடைவெளி விழுகிறதே, அழுத்தம் தொடர்ந்ததா இல்லையா? இன்னொன்று, நாங்கள் கையாண்ட இன்சாஸ் ரைஃபிளில் ஒரு இழுப்புக்கு மூன்று குண்டு என்று ஒரு நிலை உண்டு. மூன்றோடு நின்றுவிடும், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும். சட்ட வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கெட்டிக்கார வக்கீல் அதற்கே வாதாடலாம்.

ஆனால் வாதாடி ஒன்றும் ஆகாது. அதே பிரிவின் வாலில், மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கிற வேறு எந்த ஆயுதமும் தடைசெய்யப்பட்டதே என்று சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எந்த அதிகாரம் துறைக்கு இல்லை என்று கோர்ட் சொன்னதோ, அதை இங்கே நாடாளுமன்றமே அரசாங்கத்தின் கையில் எழுதிக் கொடுத்துவிட்டது. அது நல்லதா என்பது வேறு பேச்சு. நான் யூனிஃபார்ம் போட்டவன், எனக்கு அது சௌகரியமாகத்தான் தெரியும். குடிமகனாக யோசித்தால், நாளைக்கு எதை வேண்டுமானாலும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாமே என்று ஒரு உறுத்தலும் இருக்கிறது.

நடைமுறையில் அந்தக் கேள்வி எழுவதற்கு இடமே இல்லை. பம்ப் ஸ்டாக் வேலை செய்ய அடியில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வேண்டும். நம் நாட்டில் சாதாரண லைசென்ஸில் கிடைப்பது .315 போல்ட் ஆக்‌ஷன், கையால் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுடுவது. அமெரிக்கன் ஏ.ஆர்.-15 மாதிரி ரைஃபிள் சாமானியனுக்கு இங்கே எட்டாக்கனி. அடிமரத்தையே தராதபோது ஒட்டுக்கன்றுக்குத் தனியாகச் சட்டம் எதற்கு? இங்கிலாந்தில் 2019-ல் ஒரு சட்டம் போட்டு பம்ப் ஸ்டாக்கைப் பேர் சொல்லியே தடை செய்தார்கள், ஒப்படைத்தவர்களுக்குப் பணமும் கொடுத்தார்கள். நியூசிலாந்தில் அதே வருஷம் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைச் சுட்ட பிறகு, ஒரு மாதத்துக்குள் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக்குகளையே எடுத்துவிட்டார்கள். எனக்கு நியூசிலாந்து வழிதான் சரியாகப் படுகிறது. சாமான் சாமானாகத் துரத்தினால் சாமான் செய்கிறவன் எப்போதும் ஒரு அடி முன்னால்தான் இருப்பான்.

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:

பார்சல் விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் உதிரிபாகமும் சேர்த்தி. சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்கிற சாமானைத் துப்பாக்கி என்றே எழுதியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரை போகலாம். ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றினாலும் அதே அளவு. தடைசெய்யப்பட்ட ஆயுதம் கையில் இருந்தால் 7 முதல் 14 வருஷம். அது உதிரிபாகமா வெறும் பிளாஸ்டிக்கா என்று தாராளமாக வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை உள்ளே இருந்துகொண்டு செய்ய வேண்டியிருக்கும். துணிமணிக்குள் மறைத்து வைப்பது சுங்கச் சட்டத்தில் தனி வழக்கு. மருமகன் பக்கத்திலும் ஏற்றுமதிச் சட்டம் உண்டு, விசாவில் இருக்கிற பையன் அதில் மாட்டினால் ஊருக்கு வந்து உங்களோடு கடலைக்காய்தான் போட வேண்டும்.

ஒரு வார்த்தை கூடுதலாக. வாட்ஸப்பில் அவன் “அனுப்பட்டுமா” என்று கேட்டதும் நீங்கள் “வேண்டாம்” என்று சொன்னதும் இருந்தால் அழிக்காதீர்கள்.

அப்புறம் உங்க துப்பாக்கி. எல்லை கேரள மாநிலம் என்றால் கோபாலபுரம் செக்போஸ்டோடு சரி. சொந்தத் தோப்புதானே என்று எடுத்துப் போனால் லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாக ஆகும். எல்லை நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்கலாம், காரணம் எழுத வேண்டும். “பன்னி” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏனென்றால் லைசென்ஸ் இருப்பதாலேயே பன்னியைச் சுடும் உரிமை வந்துவிடாது, அது வனவிலங்குச் சட்டம்.

அந்தச் சட்டமும் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. கேரளாவில் 2022 மே மாதத்திலிருந்து பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்கே கௌரவ வனவிலங்குக் காவலர் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். பயிரை அழிக்கிற பன்னியைச் சுட அவர் உத்தரவு போடலாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு. விஷம், வெடி, கரண்ட் கூடாது. செத்ததைப் புதைக்க வேண்டும், கறி வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தது வேறு: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவது, 3-க்கு மேல் என்றால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடுவார்கள். விவசாயிக்கு அதில் வேலை மனுக் கொடுப்பது மட்டும்தான். உங்க தோப்புப் பன்னிக்கு எந்தப் பக்கம் நின்றால் யார் சுடுவார்கள் என்று தெரியாது, பாவம்.

கரண்ட் வேலி போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம்ம ஜில்லாவில் பன்னிக்குப் போட்ட கம்பியில் மனுஷர்கள் செத்து, நிலத்துக்காரர்கள் கைதான கேஸ் கட்டுகளைக் கையில் பிடித்திருக்கிறேன்.

மூலத்தறைத் தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மருமகனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அதுதான் பலமான சட்டம். கேரளா பக்கத்துக்குப் பஞ்சாயத்தில் மனு எழுதிக் கொடுத்தாயிற்று. பேனலில் இருக்கிற ஷூட்டர்கள் வரும் வாரம் நாயோடு வருகிறார்களாம். தமிழ்நாட்டுத் தோப்புக்கு வனத்துறையில் தனியாகக் கொடுக்க வேண்டும், காப்புக்காட்டிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்று யார் அளந்து தருவார்கள் என்பது அடுத்த ஆராய்ச்சி.

ஆர்மரர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். தோட்டா இல்லாமல் மடக்கி மூடினால், பின் ட்ரிக்கர் பக்கம் சில சமயம் தானாகவே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. அப்பாவுக்கு வெடித்தது விரல் இடித்துத்தானா, இதனாலா?

பழைய ஆர்மரர்:

சத்தம் மூடும்போதே கேட்கிறது என்றால் விரல் மேல் பழி போட முடியாது. சுத்தியலைப் பிடித்து வைக்கிற கொக்கி தேய்ந்திருக்கலாம், மூடுகிற அதிர்ச்சிக்கே விட்டுவிடும். தோட்டா போட்டு மூடினால் அப்படியே வெடிக்கும். அதனால் பேனல் ஆட்கள் வருகிற அன்றைக்கு நீங்களும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வீட்டில் அரம் போட்டுத் தேய்க்கிற வேலையும் வேண்டாம், உலை பட்டறைக்காரரிடமும் கொடுக்காதீர்கள். ரிப்பேர் லைசென்ஸ் உள்ள டீலரிடம், உங்க லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரெண்டு ட்ரிக்கரின் இழுவை எடையையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். பாலக்காட்டிலேயே பாருங்கள். கோயமுத்தூர் பக்கம் என்று யாராவது சொன்னால், மேலே குமாஸ்தா எழுதியதை ஒருதடவை படித்துவிட்டு முதலில் எல்லை நீட்டிப்புக்குப் போங்கள்.